வீட்டுக் கிரேக்கம், பள்ளிக்கூடக் கிரேக்கம்

ராலி பிரதர்ஸ் என்ற பெயரைச் சின்ன வயதில் பருத்தி வியாபாரம் பார்த்த பெரியவர்கள் வாயில் கேட்டிருக்கிறேன். வெள்ளைக்காரன் கம்பெனி என்றுதான் எங்கள் கரிசல் பக்கத்தில் நினைத்திருந்தார்கள். அதைத் தொடங்கியவர்கள் கியோஸ் தீவிலிருந்து கிளம்பி லண்டனில் கடை போட்ட கிரேக்கக் குடும்பத்தார். கல்கத்தாவில் சணல், பம்பாயில் பருத்தி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவர்களுடைய கிளைகள் இந்தியாவில் பரவியிருந்தன. பம்பாய்க் கிளையில் பல ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர் அலெக்சாந்த்ரோஸ் பாலிஸ். 1851இல் பிரேயஸ் துறைமுகத்தில் பிறந்தவர். பிற்பாடு லிவர்பூலுக்குப் போய் அங்கேயே 1935இல் இறந்தார். இந்த வணிகர்தான் ஹோமரின் இலியத் காவியம் முழுவதையும் நாட்டுப்பாடல் போல வாயில் புரளும் பேச்சுக் கிரேக்கத்தில் ஆக்கி 1904இல் முடித்தார்.

அதே கம்பெனியில் இருந்தார் லெஸ்போஸ் தீவுக்காரர் அர்கீரிஸ் எப்தாலியோதிஸ். அவர் ஒடிசியின் பெரும்பகுதியைப் பேச்சு மொழியில் பெயர்த்தார். மூன்றாவது ஆள் பெத்ரோஸ் விளாஸ்தோஸ், 1879இல் கல்கத்தாவிலேயே பிறந்தவர். பேச்சுக் கிரேக்கத்துக்காக வாழ்நாள் முழுக்க வாதாடி எழுதினார். ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் இருக்க, பருத்தியும் சணலும் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த வெளிநாட்டு வணிகர்கள் எதற்காகத் தாய்மொழிக்கு இப்படி மல்லுக்கு நின்றார்கள்? பேட்டைகளிலும் துறைமுகங்களிலும் பல மொழிகளின் நடுவே வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒரு மொழி காதுவழியாகத்தான் உள்ளே போகிறது, புத்தகம் பின்னால் வருகிறது என்பதை அன்றாடம் பார்த்தவர்கள். கிரேக்க மொழிச் சண்டையின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: அந்தச் சண்டையில் வீட்டுமொழியின் பக்கம் முன்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று மொழிகளில் வளர்ந்தவர்கள்.

சண்டை எதைப் பற்றி என்று சொல்லிவிடுகிறேன். துருக்கியரிடமிருந்து விடுதலை பெற்று 1830களில் கிரேக்கம் தனி அரசானபோது, அந்த அரசு எந்தக் கிரேக்கத்தில் எழுதுவது என்ற கேள்வி எழுந்தது. மக்கள் பேசியது ஒன்று. பிளேட்டோ எழுதியது இரண்டாயிரம் ஆண்டு பழையது. ஸ்மிர்னாவில் பிறந்து, மோன்பெலியேயில் மருத்துவம் படித்து, பாரிஸில் வாழ்ந்து மறைந்த அதமாந்தியோஸ் கொராயிஸ் என்ற பேரறிஞர் நடுவழி ஒன்று சொன்னார். பேச்சு மொழியையே அடிப்படையாகக் கொள்வோம், துருக்கிய இத்தாலியச் சொற்களைக் களைந்து பழைய இலக்கணத்தால் திருத்திக்கொள்வோம் என்றார். அவர் நோக்கத்தில் நான் குறை காண மாட்டேன். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் நடுவழியில் நிற்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் இன்னும் கொஞ்சம் பழமைக்குப் போனது. கடைசியில் சட்டம், நீதிமன்றம், நாளேடு, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் யார் வீட்டிலும் பேசாத ஒரு மொழி குடியேறியது. கத்தரேவூசா என்று அதற்குப் பெயர். தூய்மை செய்யப்பட்டது என்று பொருள். மக்கள் பேசியது திமோதிக்கி. ரொட்டிக்கு வீட்டில் ப்சோமி, பள்ளிக்கூடத்தில் ஆர்தோஸ். தண்ணீருக்கு வீட்டில் நெரோ, புத்தகத்தில் ஹிதோர். சொல் மட்டுமா, வேற்றுமையும் வினைமுற்றும் வேறு. ஆறு வயதுக் குழந்தை முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்ததும், அது அதுவரை பேசிய அத்தனையும் பிழை ஆகிவிட்டது.

நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமங்கள். ‘அம்மா கடைக்குப் போயிருக்காக’ என்று சொல்லிக்கொண்டு உள்ளே வரும் பிள்ளையிடம், ‘அம்மா கடைக்குச் சென்றிருக்கிறார்’ என்று எழுதச் சொல்வதுதான் என் தொழிலாக இருந்தது. இந்த வேலையில் இருந்தவர்களுக்கு ஏதென்ஸில் நடந்தது தூரத்துச் செய்தி இல்லை. பிள்ளை வாயைத் திறக்காமல் இருக்கும் அந்த முதல் சில வாரங்கள் எனக்குத் தெரியும். அதனால்தான் பேராசிரியர்களின் வாதங்களை விட வகுப்பறையில் என்ன ஆயிற்று என்பதையே நான் தேடித் தேடிப் படித்தேன்.

வகுப்பறைக்குப் போகும் முன் ஒரு கவிஞரைச் சொல்ல வேண்டும். தியோனீசியோஸ் சொலொமோஸ், 1798இல் சாக்கிந்தோஸ் தீவில் பிறந்தவர். அந்தத் தீவு நெடுங்காலம் வெனிசின் ஆட்சியில் இருந்தது. பெரிய மனிதர்கள் பேசியது இத்தாலியம். தந்தை பிரபு. தாய் அந்த வீட்டில் வேலை செய்த பெண், பெயர் அங்கெலிக்கி நிக்லி. தாயிடம் கேட்டது தீவுக் கிரேக்கம். பத்து வயதில் இத்தாலிக்கு அனுப்பிவிட்டார்கள். கிரெமோனாவிலும் பாவியாவிலும் படித்து, இத்தாலிய மொழியில் கவிதை எழுதும் இளைஞராக 1818இல் திரும்பினார். 1822இல் ஸ்பிரிதோன் திரிகூப்பிஸ் என்ற அரசியல்வாதி அவரைச் சந்தித்து, நீங்கள் எழுத வேண்டியது கிரேக்கத்தில் என்று சொன்னார். மறு வருடமே 158 செய்யுள்களில் விடுதலைக்கு ஒரு துதிப்பாடல் பிறந்தது. எழுதிய மொழி, வேலைக்காரத் தாயிடம் கற்ற மொழி. 1865இல் அதன் முதல் செய்யுள்கள் கிரேக்கத்தின் தேசிய கீதமாயின. அரசாணைகளெல்லாம் தூய மொழியில் இருந்த நாட்டில், எழுந்து நின்று பாடும் பாட்டு மட்டும் திமோதிக்கியில் இருந்தது.

சொலொமோஸின் கையெழுத்துப் படிகளை அறிஞர் லீனோஸ் போலீத்திஸ் 1964இல் அப்படியே படம் பிடித்த பதிப்பாக வெளியிட்டார். அதற்கு முன் வந்த பதிப்புகள் முடிந்த கவிதைகளையே காட்டின. கையெழுத்துப் படியில் தெரிவது வேறு. ஒரு பக்கத்தில் இத்தாலிய உரைநடையில் திட்டம் போடுகிறார், என்ன வர வேண்டும், எந்த உணர்ச்சி எங்கே என்று. அதன் இடையிலேயே கிரேக்க வரி ஒன்று எழும்புகிறது. பிறகு மறுபடி இத்தாலியம். கிரேக்கத்தை இத்தாலிய எழுத்தொலிப்பு முறையில் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார், இலக்கணப் பள்ளிக்கூடத்து எழுத்துக்கூட்டல் அவருக்குக் கிடையாது. ஒரு தேசியக் கவி தன் மொழியைச் சரியாக எழுத்துக்கூட்டத் தெரியாமல் இருந்தார் என்று இதைப் படித்தவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. இரு மொழியும் ஒன்றையொன்று தள்ளாமல் ஒரே மண்டையில் வேலை செய்ததற்கு இவ்வளவு தெளிவான சான்று வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. யோசனைக்குப் படிப்பு மொழி, பாட்டுக்குத் தாய் மொழி.

அடுத்த தலைமுறையில் யானிஸ் ப்சிகாரிஸ். 1854இல் ஒதெசாவில் பிறந்து பாரிஸில் பேராசிரியராக இருந்தவர், பிரெஞ்சு அறிஞர் ரெனானின் மருமகன். 1888இல் அவர் வெளியிட்ட ‘என் பயணம்’ என்ற உரைநடை நூல் முழுக்கப் பேச்சு மொழியில் இருந்தது. கவிதைக்கு மட்டும்தான் திமோதிக்கி சரிப்படும் என்றிருந்த எண்ணத்தை உடைத்த புத்தகம் அது. மொழியியல் படித்தவராதலால் எல்லாவற்றையும் விதிக்குள் கொண்டுவர விரும்பினார். மக்கள் ஏற்கெனவே பழைய வடிவில் சொல்லிப் பழகிவிட்ட சொற்களையும் தன் விதிப்படி மாற்றினார். அது மிகை என்றே நினைக்கிறேன், வீட்டுமொழியைக் காக்கப் புறப்பட்டவர் வீட்டுக்காரர் சொல்லாததைச் சொல்லவைக்கக் கூடாது. ஆனால் அந்தப் புத்தகம் வராமல் அடுத்தது எதுவும் நடந்திருக்காது.

அடுத்து நடந்தது ரத்தம். 1897இல் துருக்கியோடு போர் மூண்டு கிரேக்கம் தோற்றது. ரஷ்ய அரச குடும்பத்தில் பிறந்த ராணி ஓல்கா மருத்துவமனைகளில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்க்கப் போனார். அவர்களுக்கு வாசித்த நற்செய்தி அவர்களுக்குப் புரியவில்லை என்று கண்டார். கிரேக்கச் சிப்பாய்க்குக் கிரேக்க விவிலியம் விளங்கவில்லை. தன் செயலர் யூலியா சொமாக்கியை வைத்து எளிய மொழியில் பெயர்க்கச் செய்து 1901 தொடக்கத்தில் ஆயிரம் படி அச்சிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ‘அக்ரோபோலிஸ்’ நாளேடு மத்தேயு நற்செய்தியைத் தொடராக வெளியிட்டது, முழுப் பேச்சு மொழியில். பெயர்த்தவர் நம் பம்பாய்ப் பருத்திக் கம்பெனி பாலிஸ்.

மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். பல்கலைக்கழகத்தைக் கைப்பற்றினார்கள். மொழிபெயர்த்தவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கவேண்டும் என்றார்கள். மக்கெதோனியாவுக்காகக் கிரேக்கரும் பல்கேரியரும் மோதிக்கொண்டிருந்த காலம் அது. ராணி ரஷ்யப் பெண், பேச்சு மொழிக்காரர்கள் ஸ்லாவியர்களிடம் கூலி வாங்கியவர்கள், பழைய மொழியை விட்டால் பழைய உரிமையும் போய்விடும் என்ற பயம் வெறியாக மாறியது. நவம்பரில் ஒலிம்பிய சேயுஸ் கோயில் தூண்களுக்கடியில் கூடிய கூட்டம் ஊர்வலமாகப் புறப்பட்டது. துப்பாக்கிச் சூடு. எட்டுப் பேர் செத்தார்கள். பிரதமர் தெயோதோகிஸும் ஏதென்ஸ் பேராயர் புரோகோப்பியோஸும் பதவி விலகினார்கள். இரண்டு வருடம் கழித்து எஸ்கிலஸின் ஒரெஸ்தெயா நாடகத்தை எளிய மொழியில் மேடையேற்றியபோதும் தெருவில் கலவரம், உயிரிழப்பு. 1911 அரசியல் சட்டம் ஆட்சிமொழியில் யாரும் கை வைக்கக் கூடாது என்றே எழுதி வைத்தது. விவிலியத்தைச் சபை அனுமதியில்லாமல் பெயர்க்கவும் தடை.

இந்தக் கலவரங்களைத்தான் எல்லா வரலாறும் விரிவாகச் சொல்கின்றன. எனக்கு மனம் நின்றது வோலோஸில்.

வோலோஸ் தெசாலியில் உள்ள துறைமுக நகரம். பெண்பிள்ளைகளுக்கு அரசு உயர்நிலைக் கல்வி தராத காலத்தில், 1908இல் அந்த நகராட்சி ஒரு மேல்நிலைப் பெண்கள் பள்ளியைத் தொடங்கியது. அதற்கு உந்துதலாக நின்றவர் திமீத்ரிஸ் சரத்ஸிஸ் என்ற மருத்துவர். தலைமையாசிரியராக வந்தவர் ஜெர்மனியில் கல்வியியல் படித்துத் திரும்பிய அலெக்சாந்த்ரோஸ் தெல்மூசோஸ். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. தொடக்கப்பள்ளி முடித்து வந்த பெண்களிடம் அவர் கண்டது, பக்கம் பக்கமாகத் தூய மொழியை ஒப்பிக்கத் தெரிந்த, கேள்வி கேட்டால் தலை குனிகிற பிள்ளைகள். அவர் பேச்சு மொழியில் பாடம் நடத்தினார். கட்டுரையைத் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதச் சொன்னார். பழைய இலக்கியத்தையும் முதலில் மொழிபெயர்ப்பில் கொடுத்து, கதையைப் பிடித்துக்கொண்ட பிறகு மேலே போனார். பெண்கள் பேசத் தொடங்கினார்கள். கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். ஊருக்கு அது பொறுக்கவில்லை. திமெத்ரியாஸ் ஆயர் ஜெர்மானோஸ் முன்னின்று எதிர்த்தார். கடவுள் மறுப்பு, ஒழுக்கக்கேடு என்று பேச்சுகள் கிளம்பின. அதே ஊரில் தொழிலாளர் மையம் ஒன்றும் 1908இல் தொடங்கியிருந்ததால் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். 1911 மார்ச்சில் பள்ளியை மூடிவிட்டார்கள்.

அதோடு விடவில்லை. 1914 ஏப்ரலில் நவ்பிலியோன் நகர நீதிமன்றத்தில் தெல்மூசோஸும் சரத்ஸிஸும் தொழிலாளர் மையத்தாரும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். ஒரு தலைமையாசிரியர், தான் எந்த மொழியில் பாடம் நடத்தினார் என்பதற்காக, தன் மாணவிகளின் பெயருக்கும் சேர்த்துக் கறை பூசப்பட்ட வழக்கில் நாள் நாளாக உட்கார்ந்திருந்தார். எல்லோரையும் விடுதலை செய்தது நீதிமன்றம். ஆனால் மூன்று வருடம் மட்டுமே நடந்த அந்தப் பள்ளி திறக்கவில்லை. அந்தப் பெண்களில் எத்தனையோ பேருக்குப் படிப்பு அங்கேயே முடிந்திருக்கும். இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, நூறு வருடம் கழிந்தும் அது ஆறவில்லை.

ஆனால் கருத்து மூடப்படவில்லை. 1910இல் ஏதென்ஸில் கல்விக் கழகம் ஒன்று உருவாகியிருந்தது. அதில் தெல்மூசோஸ், திமீத்ரிஸ் கிளினோஸ், மனோலிஸ் திரியாந்தபில்லிதிஸ் மூவரும் தூண்கள். அலெக்சாந்திரியாவில் பிறந்து, வீட்டில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கேட்டு வளர்ந்த பெனெலோப்பி தெல்தா அதற்குத் துணை நின்றார். பிள்ளைகள் படிக்கத் தகுந்த கிரேக்கப் புத்தகம் இல்லை என்று தானே எழுதத் தொடங்கியவர் அவர். பிரதமர் வெனிசெலோஸின் அரசு 1917இல் இவர்களைக் கல்வித்துறைக்குள் கொண்டுவந்து, தொடக்கப்பள்ளியின் முதல் நான்கு வகுப்புகளில் திமோதிக்கியைப் பயிற்றுமொழி ஆக்கியது. புதிய வாசிப்புப் புத்தகங்கள் வந்தன. அவற்றில் 1918இல் வந்த ‘உயர்ந்த மலைகள்’ என் மனத்துக்கு மிக நெருக்கமானது. எழுதியவர் சக்கரியாஸ் பபாந்தோனியு. மூன்றாம் வகுப்புக்கான புத்தகம். விடுமுறையில் பள்ளிப் பையன்கள் கூட்டமொன்று பெரியவர் துணையில்லாமல் மலைக்காட்டில் குடிசை போட்டு வாழ்கிறது. தங்களுக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மரம் வெட்டிகளிடமிருந்து காட்டைக் காக்கிறார்கள். ஆடு மேய்க்கும் சிறுவன் லாம்ப்ரோஸுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். பாடப்புத்தகம் என்பதே அறிவுரைத் தொகுப்பாக இருந்த காலத்தில் ஒரு முழுநீளக் கதை! இப்படி ஒரு மூன்றாம் வகுப்புப் புத்தகம் கையில் கிடைக்க எந்த ஆசிரியரும் ஏங்குவார்.

1920 தேர்தலில் வெனிசெலோஸ் தோற்றார். புதிய அரசு அமைத்த குழு 1921இல் அறிக்கை கொடுத்தது. இந்தப் புத்தகங்களைப் பள்ளிகளிலிருந்து அகற்றி எரிக்க வேண்டும் என்று பரிந்துரை. கடவுள், குடும்பம், தாய்நாடு எதுவும் இவற்றில் போதவில்லை என்று குற்றச்சாட்டு. அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கு ஆட்சி மாறும்போதெல்லாம் பள்ளிப்பிள்ளையின் மொழி மாறியது. ஒரு வீட்டில் அண்ணன் ஒரு கிரேக்கத்திலும் தம்பி இன்னொன்றிலும் படித்திருக்கிறார்கள்.

இதன் நடுவே 1923இல் துருக்கியோடு மக்கள் பரிமாற்றம். ஆசியா மைனரிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் கிறித்துவ அகதிகள் வந்து இறங்கினார்கள். அவர்களில் கப்பதோக்கியா பக்கத்துக் கரமான்லிகள் பேசியது துருக்கியம். அதைக் கிரேக்க எழுத்தில் எழுதிப் படித்தவர்கள், அந்த எழுத்தில் நாவலும் நாளேடும்கூட வைத்திருந்தவர்கள். அந்தக் குழந்தைகளின் நிலையை நினைத்துப் பார்க்கிறேன். வீட்டில் துருக்கியம், தெருவில் திமோதிக்கி, மேல் வகுப்பில் தூய மொழி. அர்வனீத்திக்கா, விளாக்கு, ஸ்லாவியம் பேசிய கிராமத்துப் பிள்ளைகளுக்கும் இதே மூன்று படி.

1941இல் திரியாந்தபில்லிதிஸ் தலைமையில் திமோதிக்கிக்கு முழு இலக்கணம் வந்தது. அதே ஆண்டு ஜெர்மன் படை ஏதென்ஸுக்குள் நுழைந்தது. குளிர்காலத்தில் பஞ்சம், தெருவில் பிணங்கள். அந்த நாட்களில் ஏதென்ஸ் பல்கலைக்கழகத் தத்துவப் புலம் ஒரு விசாரணை நடத்தியது. ஹோமர் அறிஞர் யானிஸ் கக்ரிதிஸ் தன் உரை ஒன்றைத் திமோதிக்கியில், பழைய அழுத்தக் குறிகளைக் குறைத்து ஒற்றைக் குறியோடு அச்சிட்டார் என்பது குற்றம். மூன்று வகை அழுத்தக்குறி, இரண்டு வகை மூச்சுக்குறி, எல்லாம் அலெக்சாந்திரிய அறிஞர்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன் அமைத்தவை. அவை குறித்த ஒலி வேறுபாடுகள் எப்போதோ வாயிலிருந்து போய்விட்டன. பிள்ளைகள் மட்டும் எந்தச் சொல்லுக்கு எந்தக் குறி என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். கக்ரிதிஸைப் பணியிலிருந்து இரண்டு மாதம் விலக்கினார்கள். ‘அழுத்தக் குறிகளின் வழக்கு’ என்று அதன் ஆவணங்கள் புத்தகமாகவே வந்தன. கக்ரிதிஸ் ஓயவில்லை, நிகோஸ் கசான்சாக்கிஸோடு சேர்ந்து இலியத்தைத் திமோதிக்கியில் பெயர்த்து 1955இல் வெளியிட்டார். பாலிஸ் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி அது.

அந்தக் குறிகள் 1982இல்தான் அரசாணையால் போயின. நமக்கு இது புதிதாக இருக்காது. பெரியார் 1935இலேயே குடியரசு இதழில் அச்சிட்டுக் காட்டிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. யானைத் தும்பிக்கைபோல் வளைந்த பழைய லை, ணை எழுத்துகளைக் கற்று வளர்ந்த நான், புதிய வடிவங்களைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

சண்டையை முடித்துவைத்தது வாதம் அல்ல, இழிவு. 1967இல் ஆட்சியைப் பிடித்த ராணுவ அதிகாரிகள் தூய மொழியை மேலே தூக்கிவைத்தார்கள். முதல் சில வகுப்போடு திமோதிக்கியை நிறுத்தினார்கள். ஏழு வருடம் அந்த மொழியில் வந்த அறிக்கைகளையும் கட்டளைகளையும் கேட்ட மக்களுக்கு அதன்மேல் மிச்சமிருந்த மரியாதையும் போயிற்று. 1974இல் ராணுவ ஆட்சி விழுந்தது. 1976இல் 309ஆம் எண் சட்டம் எல்லா வகுப்புக்கும் திமோதிக்கியைப் பயிற்றுமொழி ஆக்கியது. கொண்டுவந்தது பிரதமர் கரமான்லிஸின் பழமைவாத அரசு, கல்வி அமைச்சர் ஜார்ஜ் ராலிஸ். எழுபத்தைந்து வருடத்துக்கு முன் இதற்காக ஏதென்ஸ் தெருவில் எட்டுப் பேர் விழுந்தார்கள். இப்போது ஒரு கல்லும் பறக்கவில்லை.

சார்ல்ஸ் பெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1959இல் பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்ற இந்த இரட்டை வழக்கு நிலையைப் பற்றி எழுதியபோது அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்தி கிரியோல் நான்கையும் எடுத்துக்காட்டாகக் கொண்டார். தமிழும் அந்த வரையறைக்குச் சரியாகப் பொருந்துகிறது என்று அதிலேயே சொல்லியிருக்கிறார். கிரேக்கர் செய்ததை நாமும் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் எழுத்துத் தமிழ் தூய மொழியைப் போல அறிஞர் கூடி அண்மையில் கட்டியது அல்ல. ஈழம் முதல் கொங்கு வரை ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அதுவே வழி. ஆனால் முதல் வகுப்பில் பிள்ளையின் பேச்சைப் பிழை என்று அடிப்பது நம்மிடமும் உண்டு. அதற்குப் பதில் தேடியே நான் சைப்ரஸ் வரை போனேன், படிப்பில்.

சைப்ரஸ் தீவின் கிரேக்கர்கள் வீட்டில் பேசுவது சைப்ரஸ் வழக்கு. பள்ளிப் புத்தகம் ஏதென்ஸின் பொதுக் கிரேக்கம், இப்போது திமோதிக்கியே அங்கு பள்ளிக்கூட மொழி. வகுப்பில் ஆசிரியர்கள் பாடத்தைப் பொது மொழியில் சொல்வார்கள், விளங்காத இடத்தை விளக்கும்போதும் கண்டிக்கும்போதும் சிரிக்கும்போதும் தன்னையறியாமல் தீவு வழக்குக்கு வந்துவிடுவார்கள் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் ஆசிரியர் அறையிலும் அதே கதைதான். அந்த இரு வழக்கில் வளரும் குழந்தைகளுக்குக் கவனத்தைக் கட்டுப்படுத்தும் சில சோதனைகளில் பன்மொழிக் குழந்தைகளுக்குக் கிடைப்பது போன்ற நன்மை தெரிகிறது என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. அதைவிட எனக்கு வேண்டியிருந்தது ஆந்த்ரூலா யாகூமெத்தி 2006இல் வெளியிட்டது. தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பு மாணவர்களிடம் தீவு வழக்கை வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்தார். இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே ஒலி மாறுகிறது, எங்கே சொல் மாறுகிறது, எங்கே இலக்கணம் மாறுகிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் செய்தார். வீட்டு வழக்கை உள்ளே விட்டால் பொது மொழி கெட்டுப்போகும் என்பதே பொது நம்பிக்கை. நடந்தது நேர்மாறு. அந்தப் பிள்ளைகள் பொதுக் கிரேக்கம் பேசும்போதும் எழுதும்போதும் தீவு வழக்கு கலப்பது குறைந்தது.